ஓடெல் போடாத போன்

ஓடெல் ஸ்ட்ரிக்லண்ட் இருபத்திரண்டு வருஷம் பார்த்த வேலைக்குக் காகிதத்தில் துணைப் பயிற்சியாளர் என்று பெயர். அவர் மனைவி வெர்னா அதைப் பிள்ளை பிடிக்கிற வேலை என்பாள். "எங்க ஓடெல்னு கேக்குறியா? கோணியைத் தூக்கிட்டுப் பிள்ளை பிடிக்கப் போயிருக்காரு" என்று தங்கையிடம் போனில் சொல்லிச் சிரிப்பாள். ஓடெலும் சிரிப்பார். அவள் சொன்னதில் தப்பில்லை. ஊர் ஊராகப் போய், பள்ளிக்கூட ஜிம்களில் மரப்பலகையில் உட்கார்ந்து, எந்தப் பையனுக்குக் கூடைப்பந்து கையில் ஒட்டுகிறது என்று பார்த்து, அவன் வீட்டுச் சமையலறைக்குள் நுழைந்து, அவன் அம்மாவிடம் நல்ல பெயர் வாங்கி, அவனைக் கல்லூரிக்குக் கூட்டிக்கொண்டு வர வேண்டும். அதுதான் வேலை.

கல்லூரியின் பெயர் சீடர் பிரெய்ரி. ஓக்லஹோமா சிட்டியிலிருந்து காரில் முக்கால் மணி நேரம். ஓடெல் அங்கேயே நாலு வருஷம் ஆடியவர். கிளியர்வியூ என்ற சின்ன ஊரில் பள்ளி பஸ் ஓட்டிய ஒருவரின் மகன். முழங்கால் போன பிறகு டயர் கடையில் ஏழு வருஷம் கழித்தார். பழைய தலைமைப் பயிற்சியாளர் கூப்பிட்டு இந்த வேலையைக் கொடுத்தபோது டயர் கடை யூனிஃபார்மைத் துவைக்காமலே குப்பையில் போட்டார்.

அந்தக் காலத்தில் வெளிமாநிலப் பையன் ஒருத்தனும் அங்கே வரமாட்டான். டல்லஸ் பையன் ஒருவன் போனிலேயே கேட்டான், "அங்க சாயந்திரம் ஆறு மணிக்கு மேல என்ன சார் இருக்கு?" ஓடெல் பொய் சொல்லத் தெரியாமல் உண்மையைச் சொன்னார்: "காத்து இருக்கு." பையன் வரவில்லை. அதனால் உள்ளூர்ப் பையன்கள்தான். வெவோகா, ஒகீமா, ஹோல்டன்வில். செவ்வாயும் வெள்ளியும் அந்த ஊர் ஜிம்களில் ஓடெலைப் பார்க்கலாம். பாப்கார்ன் விற்கிற அம்மாக்களுக்கு அவர் காரின் சத்தமே தெரியும்.

பிறகு ஓக்லஹோமா சிட்டியின் நகரத்து அணி ஜெயிக்க ஆரம்பித்தது. சம்பளத்துக்கு ஆடுகிற பெரிய அணி. ஒரு வருஷம் எல்லோரிடமும் அடி வாங்கிய கூட்டம், அடுத்த வருஷம் எல்லோரையும் அடித்தது. சீடர் பிரெய்ரிக்கு இதில் முதலில் நஷ்டம்தான். சனிக்கிழமை கல்லூரி ஆட்டத்துக்கு எண்ணூறு பேர் வருவார்கள். அது முந்நூறானது. அந்த முந்நூறு பேரிலும் பாதி, மடியில் போனை வைத்துக்கொண்டு நகரத்து ஆட்டத்தைப் பார்த்தது. அங்கே கூடையில் ஒரு பந்து விழுந்தால் இங்கே ஆட்டம் சும்மா நின்றுகொண்டிருக்கும்போது கைதட்டல் எழும். கல்லூரிப் பையன்கள் குழம்பிப்போய்த் திரும்பிப் பார்ப்பார்கள்.

அந்த வருஷம் மார்ச் மாதம்தான் ஓடெல் வாக்குக் கொடுத்தார்.

டில்லன் ஃபிக்சிகோ வெவோகா பையன், செமினோல் பழங்குடிக் குடும்பம். பதினேழு வயது, ஆறடி ஒரு அங்குலம். தானே கூடையில் போட்டுப் பேர் வாங்க அலைகிறவன் இல்லை. பந்து அவன் கைக்கு வந்தால் சரியான ஆளுக்குச் சரியான நேரத்தில் போய்ச்சேரும். ஓடெல் அவனை எட்டாம் வகுப்பிலிருந்தே பார்த்து வந்தார். அவன் அம்மா லோரெட்டா மருத்துவமனைச் சமையலறையில் வேலை பார்த்தாள். அப்பா கிடையாது. தாய்மாமன் ஹோமர் இருந்தார்.

மார்ச்சில் அவர்கள் சர்ச்சில் காட்டு வெங்காய விருந்து நடக்கும். ஓடைக்கரையில் பறித்த பச்சை வெங்காயத் தாளை முட்டையோடு கிளறி, உப்புப் பன்றிக்கறி, பொரித்த ரொட்டி, திராட்சைச் சாற்றில் வேகவைத்த உருண்டை எல்லாம் வைத்து ஊருக்கே போடுவார்கள். ஓடெல் நாலாவது வருஷமாக வந்திருந்தார். தட்டு நிறைந்திருந்தது.

ஹோமர் எதிரில் வந்து உட்கார்ந்தார். "கோச், நாலு வருஷமா வர்றீங்க. வெங்காயம் திங்க வர்றீங்களா, எங்க பையனைத் திங்க வர்றீங்களா?"

"ரெண்டுக்கும்தான் ஹோமர். ஆனா வெங்காயத்தைக் கார்ல ஏத்தினா ஒரு வாரம் நாறும். பையனை ஏத்திக்கிட்டுப் போறேன்."

"அவன் ஷூ நாத்தம் உங்களுக்குத் தெரியாது."

மேசையே சிரித்தது. பாஸ்டர் மைக்கைக் கொண்டுவந்து ஓடெல் கையில் திணித்தார். "நாலு பேர் காது கேட்கச் சொல்லுங்க கோச். சாப்பிட்டவங்க எல்லாம் சாட்சி."

ஓடெல் எழுந்தார். தயங்கவில்லை. "சீடர் பிரெய்ரியில டில்லனுக்கு ஒரு இடம் இருக்கு. நாலு வருஷப் படிப்பு, முழு உதவித்தொகை. இது என் வார்த்தை" என்றார். கைதட்டல் அடங்க வெகு நேரமானது. லோரெட்டா ஏப்ரனைத் தூக்கி முகத்தை மூடிக்கொண்டாள். டில்லன் தரையைப் பார்த்துக்கொண்டு காது சிவக்க நின்றான்.

தப்பு அங்கே நடக்கவில்லை. வெளியே கார் நிறுத்துகிற இடத்தில் நடந்தது. டில்லன் பின்னாலேயே வந்தான்.

"கோச், அர்க்கன்சாஸ் கோச்சும் கன்சாஸ் கோச்சும் வாராவாரம் போன் பண்றாங்க. அவங்ககிட்ட என்ன சொல்லட்டும்?"

இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு விஷயம் உண்டு. நவம்பரில் காகிதத்தில் கையெழுத்து விழுகிறவரை வாய்வார்த்தை எந்தக் கல்லூரியையும் கட்டுப்படுத்தாது. அதனால் விவரமான பையன் ஒரு இடத்துக்குச் சரி என்று சொல்லிவிட்டு மற்ற இடங்களோடும் சிரித்துப் பேசிக்கொண்டே இருப்பான். யாரும் அதைக் குற்றமாக நினைப்பதில்லை. ஓடெல் நல்லவராக இருந்திருந்தால், "பேசிக்கிட்டே இரு தம்பி, எதையும் மூடாதே" என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அர்க்கன்சாஸ்காரன் ஹாலிஸ் பீம் போன வருஷம் அவரிடமிருந்து ஒரு பையனைக் கொத்திக்கொண்டு போயிருந்தான். அந்தக் காந்தல் இருந்தது.

"வேண்டாம்னு சொல்லிடு" என்றார் ஓடெல். "வார்த்தை ஒரு இடத்துலதான் கொடுக்கணும்."

டில்லன் மறுநாளே இரண்டு பேருக்கும் போன் போட்டான். நன்றி சொன்னான். இனிமேல் கூப்பிட வேண்டாம், அது சரியில்லை என்றான். ஹாலிஸ் பீம் அன்றைக்கே ஓடெலைக் கூப்பிட்டான். "டேய், என்னடா மந்திரம் போட்ட? பையன் என் நம்பரையே அழிச்சுட்டேங்கிறான்!" ஓடெல் வாய்விட்டுச் சிரித்தார்.

ஜூனில் நகரத்து அணி கோப்பையை ஜெயித்தது. ஊருக்குப் பித்துப் பிடித்தது. வெற்றி ஊர்வலத்தன்று ஓடெல் டில்லனையும் லோரெட்டாவையும் தன் பிக்கப் வண்டியில் கூட்டிக்கொண்டு போனார். அவள் ஒருநாள் லீவு போட்டிருந்தாள். வெயில் தார் ரோட்டைக் கொதிக்கவைத்தது. ஐஸ் பெட்டியின் மேல் உட்கார்ந்து தர்பூசணி தின்றார்கள். டில்லன் விளக்குக் கம்பத்தின் அடிக்கட்டையில் ஏறி நின்று கத்திக்கொண்டிருந்தான். அவன் அப்படிக் கத்தி ஓடெல் பார்த்ததில்லை.

அப்போது போன் அடித்தது. ஹூஸ்டனில் கிளப் அணி நடத்துகிற ஒரு ஆள். ஐந்து வருஷமாக ஓடெல் கூப்பிட்டால் எடுக்காத ஆள்.

"ஓடெல், டிவியில உங்க ஊரைத்தான் பார்த்துக்கிட்டிருக்கேன். என்கிட்ட ஒரு பையன் இருக்கான். ஆறடி ஒன்பது. இப்ப இருக்குற காலேஜ் பிடிக்கல. உங்க ஊர்லதான் இருக்கணுமாம். இன்னும் ரெண்டு வருஷம் ஆடலாம். இடம் இருக்கா?"

இடம் இல்லை. அடுத்த வருஷக் கணக்கில் மிச்சமிருந்த ஒரே இடம் விளக்குக் கம்பத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. ஓடெல் பிக்கப்பின் பின்பக்கம் போய் நின்றுகொண்டார்.

"பார்க்கலாம்" என்றார்.

அந்த ஒரு வார்த்தையைத்தான் பிற்பாடு அவரால் செரிக்கவே முடியவில்லை. சாயந்திரத்துக்குள் இன்னும் இரண்டு போன் வந்தது. சிக்காகோ ஒன்று, அட்லாண்டா ஒன்று. இரண்டு பேரிடமும் "பார்க்கலாம்" என்றார்.

"யாரு கோச்? முகமே மாறிடுச்சு" என்று லோரெட்டா கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. இன்சூரன்ஸ்காரன்."

"அவனுங்களுக்கு லீவே கிடையாது" என்று சொல்லி அவள் ஒரு துண்டு தர்பூசணியை அவர் கையில் வைத்தாள்.

ஆகஸ்டில் தலைமைப் பயிற்சியாளர் கைல் மேடக்ஸ் அவரை அறைக்குக் கூப்பிட்டார். முப்பத்தெட்டு வயது மனிதர். வெள்ளை ஷூவில் ஒரு பொட்டு அழுக்கு இருக்காது. சுவரில் பெரிய பலகை, அதில் காந்தப் பட்டைகளில் பையன்களின் பெயர்கள். மேல் வரிசையில் மூன்று புதுப் பெயர்கள் ஒட்டியிருந்தன. ஃபிக்சிகோ என்ற பட்டை, இன்னும் இரண்டு பழைய பெயர்களோடு, கீழ் மூலையில், துடைப்பான் தொங்குகிற ஆணிக்குப் பக்கத்தில் இருந்தது.

"ஓடெல், இதைப் பாருங்க. ஹூஸ்டன், சிக்காகோ, அட்லாண்டா. நாம கூப்பிடல. அவங்களே கூப்பிடறாங்க! இருபது வருஷமா ஓக்லஹோமான்னா மாடும் சூறாவளியும்தானேன்னு கேட்டவனுங்க."

"டில்லனுக்கு வார்த்தை கொடுத்திருக்கோம்."

"யாரு கொடுத்தது?"

"நான்."

"கையெழுத்து ஆச்சா?"

"அது நவம்பர்லதானே."

"அப்ப வெறும் பேச்சுதானே." மேடக்ஸ் நாற்காலியில் சாய்ந்தார். "நல்ல பையன்தான். நான் இல்லைங்கல. ஆனா ஆறடி ஒண்ணுக்கு இடம் கொடுத்துட்டா, ஆறடி ஒன்பதை எங்க உட்கார வைக்கிறது? என் மடியிலயா?"

"அவன் மத்த காலேஜை எல்லாம் வேண்டாம்னு சொல்லிட்டான்."

"அது அவன் அசட்டுத்தனம். எந்தப் பையன் அப்படிச் சொல்வான்?"

நான் சொல்லச் சொன்னேன், அதனால் சொன்னான். இதுதான் பதில். அதைச் சொல்லாமல் ஓடெல் பலகையின் கீழ் மூலையைப் பார்த்தார். வயது ஐம்பத்து நாலு. பென்ஷனுக்கு இன்னும் ஆறு வருஷம். வெர்னாவின் இன்சுலின் கல்லூரியின் மருத்துவக் காப்பீட்டில் வருகிறது. காரணங்கள் இருந்தன. எல்லோருக்கும் இருக்கும். கூட வேலை பார்க்கிறவனைக் காட்டிக்கொடுத்த எவனைக் கேட்டாலும் வீட்டில் மருந்துச் செலவு என்றுதான் ஆரம்பிப்பான்.

"எப்படிச் சொல்றது அவன்கிட்ட?" என்று மட்டும் கேட்டார்.

"சொல்லவே வேண்டாமே. போன் போடறதை நிறுத்துங்க. ரெண்டு வாரத்துல அவனுக்கே புரிஞ்சிடும். உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். தொழிலின் வழக்கமே அதுதான். யாரும் யாரிடமும் இல்லை என்று சொல்வதில்லை. வாராவாரம் வந்த போன் வராமல் போகும், அவ்வளவுதான். ஆலையில் ஆளை நீக்குகிற முதலாளிகூட ஒரு சீட்டாவது கொடுப்பான். இங்கே சீட்டும் கிடையாது. ஓடெலே பத்துப் பன்னிரண்டு பையன்களை அப்படி விட்டிருக்கிறார். அவர்கள் புரிந்துகொண்டு வேறு இடம் பார்த்துப் போனார்கள். அவர்களுக்குப் பார்க்க வேறு இடம் இருந்தது.

டில்லனுக்குப் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் அவனிடமிருந்து மெசேஜ் வரும். "கோச், இந்த வாரம் இடது கையால மட்டும் பழகினேன்." பதில் இல்லை. "கோச், கணக்குல நல்ல மார்க்." பதில் இல்லை. செப்டம்பரில், "கோச், நம்பர் மாத்திட்டீங்களா?" ஓடெல் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் புல் வெட்டப் போவார். வெட்டிய புல்லையே திரும்ப வெட்டுவார். வெர்னா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

அக்டோபர் மூன்றாவது வாரம் தபாலில் ஒரு பெரிய உறை வந்தது. வெர்னாதான் பிரித்தாள். உள்ளே ஒரு வாழ்த்து அட்டை. அவள் அதைப் படித்துவிட்டு, சாப்பிட்டுக்கொண்டிருந்த கணவரின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"உனக்கு என்ன வியாதி ஓடெல்?"

"என்ன வியாதி?"

"அதைத்தான் நானும் கேக்குறேன். வெவோகா சர்ச்காரங்களுக்குத் தெரிஞ்சிருக்கு, எனக்குத் தெரியல."

அட்டையில் முப்பதுக்கு மேல் கையெழுத்து இருந்தது. சீக்கிரம் எழுந்து வாருங்கள் கோச், புதன்கிழமை ஜெபத்தில் ஆறு வாரமாக உங்கள் பெயரைச் சொல்லி வேண்டுகிறோம் என்று பாஸ்டர் எழுதியிருந்தார். கீழே ஹோமரின் கோணல் எழுத்து: "செத்துகித்துப் போயிடாதீங்க. மார்ச்சில் வெங்காயம் இருக்கு."

நாலு பேர் முன்னால் வார்த்தை கொடுத்த மனிதன் திடீரென்று பேசாமல் போனால் அந்த ஜனங்களுக்கு ஒரே ஒரு காரணம்தான் தோன்றியது. பாவம், படுத்த படுக்கையாகக் கிடக்கிறார் போலிருக்கிறது. வேறு எதுவும் தோன்றவில்லை.

ஓடெல் வெர்னாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். முடித்ததும் அவள் கார் சாவியை எடுத்து மேசையில் வைத்தாள். "என் இன்சுலினை அந்தப் பையன் தலையில கட்டாதே" என்றாள். "போ."

ஞாயிறு மதியம் போனார். லோரெட்டா கதவைத் திறந்தவள் இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"கோச்! எழுந்து நடமாடறீங்களே! கர்த்தரே, காரை வேற நீங்களே ஓட்டிட்டு வந்தீங்களா? உட்காருங்க, உட்காருங்க. டில்லன், யாரு வந்திருக்காங்க பாரு!"

அவர் வாயைத் திறக்கும் முன்பே காப்பி வந்தது, பீன்ஸ் வந்தது, சட்டியிலிருந்து எடுத்த சூட்டோடு ரொட்டி வந்தது. டில்லன் கொல்லைப்பக்கத்திலிருந்து ஓடிவந்து, கையைப் பேண்ட்டில் துடைத்து நீட்டினான். ஓடெல் அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினார். குலுக்காமல் இருந்திருக்கலாம் என்று உடனே தோன்றியது.

"எனக்கு உடம்புக்கு ஒண்ணுமில்ல லோரெட்டா" என்றார்.

"நல்லாகிட்டீங்க இல்ல, அதான் வேணும்."

"இல்ல. உடம்புக்கு வரவே இல்ல. நான்தான் போன் எடுக்கல. இடம் போயிடுச்சு. வெளியூர்ப் பையன்களுக்குக் கொடுத்துட்டாங்க. ஆகஸ்ட்லயே போயிடுச்சு."

கரண்டி சட்டியில் அப்படியே நின்றது. லோரெட்டா அடுப்பை அணைத்தாள்.

டில்லன்தான் முதலில் பேசினான். குரல் சாதாரணமாக இருந்தது. "ஊர்வலத்தன்னிக்கு வந்த போன், அதுதானா?"

"ஆமா."

"அன்னிக்கே தெரியுமா?"

"தெரியல. ஆனா தெரிஞ்ச மாதிரிதான்." பிறகு ஓடெல் தலையை ஆட்டினார். "தெரியும்பா."

பையன் ஃபிரிட்ஜில் சாய்ந்து நின்றான். அவ்வளவுதான். கத்தவில்லை. கத்தியிருந்தால் ஓடெலுக்கு உதவியாக இருந்திருக்கும்.

லோரெட்டா கத்தினாள். "முப்பது பேர் உனக்காக முட்டி போட்டாங்க. முழங்கால் ஆபரேஷன் பண்ணின எங்க பெரியம்மா முட்டி போட்டாங்க! நீ அங்க சோறு தின்னுட்டு நல்லா உட்கார்ந்திருந்த!"

"ஆமா."

"ஹோமர் அப்பவே சொன்னான், அந்த ரெண்டு பேரையும் விடாதே, கொஞ்சம் தொங்கவிட்டு வைன்னு. நான்தான் அவனைத் திட்டினேன். கோச் பெரிய மனுஷன், நாலு பேர் முன்னாடி சொன்னவருன்னு." அவள் நாற்காலியை இழுத்து அவருக்கு நேர் எதிரில் போட்டு உட்கார்ந்தாள். "அழறதுக்கு எனக்கு நாளைக்கு நேரம் இருக்கு. இப்ப போனை எடு."

"யாருக்கு?"

"அந்த ரெண்டு பேருக்கும். என் பையன் அவங்களை அவமானப்படுத்தினான்னு நெனச்சுக்கிட்டிருப்பாங்க. யாரு சொல்லச் சொன்னதுன்னு சொல்லு. சத்தமா வை, எங்க காதுலயும் விழணும்."

ஓடெல் தயங்கினார். "லோரெட்டா, இந்தத் தொழில்ல எதிர் டீம் கோச்கிட்ட போய் இதைச் சொன்னா, அப்புறம் ஒருத்தனும் என்னை..."

"தொழிலாம்! நான் ஐநூறு பேருக்குச் சமைக்கிறேன். அதுவும் தொழில்தான். ஊசிப்போனதைப் போட்டா நான்தான் போட்டேன்னு சொல்லணும். போடு போனை."

கன்சாஸ்காரர் இரண்டு நிமிஷம்கூடப் பேசவில்லை. பட்டியல் நிரம்பிவிட்டது, பையனுக்கு வாழ்த்துகள் என்று வைத்துவிட்டார். அடுத்து ஹாலிஸ் பீம்.

"டேய் ஓடெல்! சாம்பியன் ஊர்க்காரா! இப்பதான் என் ஞாபகம் வந்துச்சா?"

"ஹாலிஸ், டில்லன் ஃபிக்சிகோ விஷயம். உன்னை வேண்டாம்னு சொன்னது அவனா சொல்லல. நான் சொல்லச் சொன்னேன். இப்ப அவனைக் கைவிட்டுட்டோம்."

"கைவிட்டுட்டோமா? யாரு யாரு சேர்ந்து?"

ஓடெல் கண்ணை மூடிக்கொண்டார். "நான்."

"எப்போ?"

"ஆகஸ்ட்ல."

"இது அக்டோபர் கடைசி."

"ஆமா."

"பக்கத்துல யாரு இருக்கா?"

"அவன் அம்மா. அவனும் இருக்கான்."

பீமின் குரல் மாறியது. "அம்மா, வணக்கம். ஒளிக்காம சொல்லிடறேன். எங்ககிட்டயும் உதவித்தொகை எல்லாம் போயிடுச்சு. மார்ச்ல இருந்துச்சு. இப்ப இல்ல. முதல் வருஷம் நீங்களே கட்டணும், அதுக்கப்புறம் அவன் ஆட்டத்தைப் பொறுத்தது. டிசம்பர்ல அவன் முதல் ஆட்டத்துக்கு நானே வந்து பார்க்கிறேன். அதுக்கு மேல இப்ப எதுவும் சொல்ல மாட்டேன். சொன்னா இந்த ஆளுக்கும் எனக்கும் வித்தியாசம் இருக்காது."

"வாங்க" என்றாள் லோரெட்டா.

"ஓடெல், நீ அன்னிக்கு அந்த ஜிம் பக்கம் வராதே. உன் தலை தெரிஞ்சா நான் திரும்பி வண்டி ஏறிடுவேன். அப்புறம், இதை நான் நாலு பேர்கிட்ட சொல்வேன்."

"சொல்லு."

போன் அணைந்தது. லோரெட்டா எழுந்து அவர் தட்டைப் பார்த்தாள். ரொட்டி தொடப்படாமல் இருந்தது. "ஆறிப்போச்சு" என்றாள். "கிளம்பு."

டிசம்பர் முதல் செவ்வாய் வெவோகாவில் ஆட்டம் நடந்தபோது ஓடெல் வீட்டில் இருந்தார். இருபத்திரண்டு வருஷத்தில் சீசனின் முதல் ஆட்டத்துக்கு அவர் அந்த ஜிம்முக்குப் போகாதது அதுவே முதல் தடவை. என்ன ஆனது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. மறுநாள் பேப்பரில் எண்களைப் பார்த்தார். டில்லன் எட்டுப் புள்ளி, பதினான்கு பாஸ். ஹாலிஸ் பீம் அவனை எடுத்துக்கொண்டான் என்பது வசந்தகாலத்தில்தான் தெரிந்தது. உதவித்தொகை இல்லாமல்தான். லோரெட்டா சனி ஞாயிறில் கசினோ சூதாட்ட விடுதியின் சமையலறையிலும் வேலைக்குப் போகிறாளாம்.

பீம் சொன்னபடி நாலு பேரிடம் சொன்னான். ஹோல்டன்வில்லில் பாப்கார்ன் விற்கிற அம்மா ஓடெலிடம் காசை வாங்கிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள். மேடக்ஸ் காதுக்கும் போனது. அவர் தோளைக் குலுக்கினார். சீடர் பிரெய்ரி அந்த வருஷம் இருபத்தோரு ஆட்டம் ஜெயித்திருந்தது. ஹூஸ்டன் பையன் நல்ல பையன். ஓடெலை "ஐயா" என்று கூப்பிடுவான், அவர் தூக்குகிற பைகளை ஓடிவந்து வாங்கிக்கொள்வான். அவன் மேல் கோபப்படக்கூட முடியவில்லை.

அதற்கு அடுத்த ஜனவரியில் அர்க்கன்சாஸ் அணி சீடர் பிரெய்ரிக்கு ஆட வந்தது. அன்றைக்கு நகரத்து அணிக்கும் ஆட்டம், அதனால் உள்ளூர்க் கூட்டம் இருநூறு பேர்கூட இல்லை. ஆனால் வெவோகாவிலிருந்து சர்ச் வேன் வந்திருந்தது. ஹோமர், லோரெட்டா, பாஸ்டர் எல்லோரும் எதிரணி பெஞ்சுக்குப் பின்னால் மூன்று வரிசையை அடைத்து உட்கார்ந்திருந்தார்கள். யாரும் இந்தப் பக்கம் திரும்பவில்லை.

டில்லன் பதினொரு நிமிஷம் ஆடினான். ஐந்து பாஸ். அதில் ஒன்றை ஹூஸ்டன் பையனின் கால்களுக்கு நடுவில் தட்டிவிட்டான். வேன்காரர்கள் எழுந்து கூரை பிளக்கக் கத்தினார்கள். ஓடெலின் கைகள் தட்டுவதற்குப் பாதி தூரம் உயர்ந்தன. மேடக்ஸ் பக்கத்தில் இருந்தார். கைகளைத் தொடையில் வைத்துக்கொண்டார். ஆட்டத்தை சீடர் பிரெய்ரிதான் ஜெயித்தது.

முடிந்ததும் வழக்கம்போல இரண்டு அணியும் வரிசையாக நின்று கை தொட்டுக்கொண்டு நடந்தன. ஓடெல் இந்த நிமிஷத்துக்காக ஒரு வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தார். ஒரு வாரமாகக் காரில் போகும்போது சொல்லிச் சொல்லிப் பார்த்தது. டில்லன் வந்தான். இன்னும் ஒரு அங்குலம் வளர்ந்திருந்தான். முதலில் மேடக்ஸின் கையைத் தொட்டு, "நல்ல ஆட்டம், கோச்" என்றான். ஓடெலின் கையைத் தொட்டு, "நல்ல ஆட்டம், கோச்" என்றான். அதே குரல். கண்ணைத் திருப்பிக்கொள்ளவில்லை, முறைக்கவுமில்லை.

"டில்லன்" என்றார் ஓடெல். அதற்குள் பின்னால் வந்தவர்கள் நெருக்கினார்கள். அடுத்த பையன் கையை நீட்டிக்கொண்டு நின்றான். ஓடெல் அந்தக் கையைத் தொட்டு, "நல்ல ஆட்டம்" என்றார். அதற்கடுத்த பையனிடமும் அதையே சொன்னார்.